ஐந்தாவது கிணறு

2004 ஆடி மாதம், காலை பத்து மணி இருபது நிமிடம். கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்தது. வெயில் அப்போதே முதுகைச் சுட்டது.

முள்ளியவளையில், மஹ்றூபின் கிணற்றடியில், பத்மாசனி கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக விரிவுரையாளர். நீரில் பாதரசம் இருந்தால் மின்னோட்டத்தைக் கொண்டு காட்டிவிடும் கருவி அவருடையது. அதன் முனையில் கண்ணுக்குப் புலப்படாத பொன் துகள்கள் பூசப்பட்டிருந்தன. கருவியைச் சரிபார்க்கவென்று பாதரசம் கரைத்த நீரையும் ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தார்.

"கழுவுற வேலையை வேற எங்கையும் பாருங்கோ" என்று அயலவர்கள் கையை விரித்திருந்தார்கள். மஹ்றூப்தான் தன் வாளியை நீட்டினார்.

"இதிலை கழுவுங்கோ மிஸ். தொண்ணூறிலை முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுத் துரத்திப் பதினாலு வருசம். போன மாசந்தான் வந்து கிணத்தை இறைச்சனாங்கள். முதல் விருந்தாளி நீங்கள்."

அவர் மனைவி றாபியா தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"தண்ணி நல்லதெண்டு ஒரு துண்டு எழுதித் தருவீங்களோ மிஸ்? புத்தளத்திலை நிக்கிற பிள்ளையள் அதைப் பாத்தாத்தான் வருவினம்."

நண்பகலுக்குள் அயலிலுள்ள நான்கு கிணறுகளும் சோதிக்கப்பட்டன. நான்கும் சுத்தம்.

ஐந்தாவது, மஹ்றூபின் கிணறு. அவரே அள்ளிக் கொடுத்தார். கருவியின் திரையில் கோடு செங்குத்தாக ஏறியது.

வேலிக்கு அப்பால் நின்ற சிற்றம்பலம் சிரித்தார்.

"நான் அண்டைக்கே சொன்னனான். பழைய இரும்பு யாவாரமெண்டு உடைஞ்ச பற்றறியளை வளவு முழுக்கக் குவிச்சால் வேறென்ன ஊறும்? பன்னீரோ?"

"அல்லாஹ் அறிய, ஒரு பற்றறியும் கிணத்தடிக்கு வரேல்லை அண்ணை."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதோ?"

பத்மாசனி நிமிர்ந்தார். "கருவி பொய் சொல்லாது ஐயா. அதுக்கு ஆள் பேதமும் தெரியாது."

"இன்னொருக்காப் பாருங்கோ மிஸ்" என்றாள் றாபியா.

"மூண்டு தரம் பாத்திட்டன் அம்மா. மூண்டு தரமும் அதே அளவுதான்."

றாபியா கேட்ட துண்டை அவர் எழுதிக் கொடுத்தார்: 'குடிக்க உகந்ததல்ல.'

மாலையில், தங்குமிடத்தில், குறிப்பேட்டைச் சரிபார்த்தார். எல்லாவற்றையும் நேரத்துடன் எழுதுவது அவர் வழக்கம்.

'10.20: பாதரசக் குப்பி கழுவப்பட்டது. மஹ்றூபின் வாளி.'

அதன் கீழே, நான்கு கிணறுகள் தள்ளி:

'12.10: ஐந்தாம் கிணறு. நீர் அள்ளியது மஹ்றூபின் வாளியால்.'

இரண்டு வரியிலும் வாளியை வட்டமிட்டு, குறிப்பேட்டை மூடினார். மஹ்றூபின் வீடு இரண்டு மைல் தூரத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை, மஹ்றூப் கிணற்றை முள்ளுக் கொப்புகளால் மூடிவிட்டு வவுனியா பஸ்ஸுக்குப் பெட்டிகளைச் சுமந்தார். றாபியா, விட்டுப்போக மனமில்லாமல், வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டதும் சிற்றம்பலம் முள்ளை விலக்கி, அந்தக் கிணற்றிலேயே தன் மாட்டுக்குத் தண்ணீர் அள்ளினார்.

பத்மாசனி குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அறிக்கையின் முதல் வரியை எழுதினார்:

'மிகச் சொற்பமான பாதரசத்தையும் எமது கருவி தவறாது காட்டியது.'