சைகஸுக்கு வந்த வியாதி

"என்னங்க, ஃபேனைத் துடைச்சுக் கொடுங்கன்னு நாலு நாளாச் சொல்றேன். காதுல விழுதா இல்லையா?"

"செடிக்கு வேலை இருக்கும்மா" என்றபடி டவலைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு நழுவினார் கார்டு. ரயிலில் கார்டு வேலை பார்த்து ரிட்டயர் ஆகி ஐந்து மாசம் ஆகிறது.

டெய்லரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் மிஷின் ஜன்னலோரம் இருந்ததால் புருஷன் பண்ணுகிற கூத்தெல்லாம் அவளுக்கு நேர் எதிரே தெரியும்.

வாசல்படி ஓரமாக அந்த சைகஸ். குட்டைப் பனை மாதிரி இருக்கும். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு இவர். பக்கத்தில் இன்னொரு ஸ்டூலில் அடுத்த வீட்டுக் கிரேன்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கையில் பூதக்கண்ணாடி வேறு!

"அண்ணே, இந்த இலை நுனி மஞ்சளா இல்ல?"

"மஞ்சள்தான். ஈரத்துணியால ஒவ்வொரு இலையாத் துடைச்சு விடுங்க, கார்டு சார். அவசரப்படக் கூடாது."

"நேத்து திசை மாத்தி வைக்கச் சொன்னீங்களே?"

"அது நேத்து. இன்னிக்குத் துடைக்கணும்."

தினம் காலையில் ஒன்றரை மணி நேரம் இந்த வைத்தியம். கார்டின் விரல் பத்தில் ஏழில் பிளாஸ்திரி. வெங்காயம் உரிக்கச் சொன்னால் மட்டும் அந்த ஏழும் வலிக்கும்.

அன்றைக்குத் தைத்த துணியைக் கொடுக்கப் போனவள், வழியில் நர்சரிக்குள் நுழைந்துவிட்டாள்.

"சைகஸ் செடிக்கு தினமும் என்னம்மா செய்யணும்?"

நர்சரிக்காரி சிரித்தாள். "ஒண்ணுமே செய்யாம இருக்கணும்க்கா. சோம்பேறிங்களுக்குன்னே பொறந்த செடி அது. வெயில் தாங்கும். மண்ணு நல்லாக் காஞ்சா தண்ணி, அவ்ளோதான். ரொம்பக் கொஞ்சினாத்தான் அழுகிப் போகும்."

"இலையைத் துடைக்க வேணாமா?"

"துடைக்கிறதா? ஊசி மாதிரி குத்துமே! எந்தப் புண்ணியவான் அது?"

புண்ணியவான் சாப்பிட உட்காரும் வரைக்கும் டெய்லரம்மா வாயைத் திறக்கவில்லை. தட்டை வைத்ததும் ஆரம்பித்தாள்.

"நர்சரிக்குப் போயிருந்தேன்."

கார்டின் கை பாதியில் நின்றது.

"வீட்டு வேலைக்குப் பயந்து ஒரு செடியைச் சாக்கு வெச்சு, தினம் ஒன்றரை மணி நேரம் என்னை ஏமாத்தியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"மெல்லப் பேசு, மெல்லப் பேசு!" எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "அவருக்குக் கேட்டுடப் போகுது. நெஞ்சு ஆபரேஷன் ஆனதிலேர்ந்து அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் நடக்கச் சொல்றார், மக கெஞ்சுறா, மனுஷன் அசையல. ஒருநாள் சும்மா, 'அண்ணே, செடி வாடுது, வந்து பாருங்க'ன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டார்! அன்னிக்கிலேர்ந்து தினம் செடிக்கு ஒரு வியாதி கண்டுபிடிக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் பொய் சொல்ல வராது. படாத பாடு படறேன்."

டெய்லரம்மா குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தது. ஃபேனை மறுநாள் அவளே ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாள்.

அதற்கடுத்த நாள் கார்டு முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். கிரேன்காரர் வழக்கம்போல் பூதக்கண்ணாடியோடு வந்தார். டெய்லரம்மா காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். பாவம், நோயாளி. நம்மால் முடிந்தது நாலு நல்ல வார்த்தை.

"நீங்க இல்லாட்டி இந்தச் செடி என்னைக்கோ செத்திருக்கும், அண்ணே."

கிரேன்காரர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கிட்டச் சொல்றதுக்கு என்னம்மா? இதுக்கு ஒரு மண்ணும் வேணாம். எங்க துறைமுக ஆபீஸ் வாசல்ல இதே மாதிரி ஒண்ணு இருபது வருஷம் நின்னுச்சு, ஒரு பய திரும்பிப் பார்த்ததில்ல."

"அப்புறம் ஏண்ணே தினமும்..."

"ரிட்டயர் ஆனதிலேர்ந்து உன் வீட்டுக்காரர் திக்குத் தெரியாமத் திரிஞ்சாரே, கவனிச்சியா? செடி வாடுதுன்னு என்கிட்ட ஓடி வந்தப்போ முகத்தைப் பார்க்கணுமே. அதான் தினம் ஒரு வேலை கொடுத்து ஆளைத் தேத்திக்கிட்டு இருக்கேன். இல்லேன்னா எனக்கென்ன தலையெழுத்தா, சுகமா நாற்காலியில உட்காராம இப்படி நடந்து வர!"