ஆறாத வெந்நீர்

சனிக்கிழமை ஏரியின் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்த சோரன், மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை. அதனால் திங்கட்கிழமை ஆய்வகத்தில், நானும் அவனும் சேர்ந்து வேலை செய்யும் மேசையில் நான் மட்டும் நின்றேன். பீக்கரில் இருக்கும் வெந்நீர் ஆற ஆற வெப்பமானியைப் பார்த்து, வரைபடத் தாளில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். மற்ற மேசைகளில் சூடு இறங்கிக்கொண்டே போனது. என்னுடையது முப்பத்தேழு டிகிரியில், உயிருள்ள உடம்பின் சூட்டில், நின்றுவிட்டது. வேறு வெப்பமானி வைத்தேன். அதுவும் முப்பத்தேழு என்றது.

“என்னம்மா ஆஸ்ட்ரிட், உன் கோடு பாதியில படுத்துக்கிச்சு?” என்றார் ஆசிரியர் ஹால்வர்சன்.

“நிஜமாவே இறங்கல சார்.”

“ரூம் இருபத்தொண்ணு. எந்தத் தண்ணியும் கடைசியில அங்கதான் வந்து நிக்கும். மீதிக் கோட்டை நீயே இழுத்து முடி, மணி அடிக்கப் போகுது.”

“மாட்டேன் சார். கெஞ்சிக் கேக்கறேன், அப்படியே விட்டுடுங்க.”

“சோரனுக்கும் சேர்த்துத்தானே மார்க்கு?” என்று தாளை இழுத்து, சிவப்புப் பேனாவால் இருபத்தொன்று வரை தானே வரைந்தார்.

வெப்பமானி முப்பத்தாறுக்கு வந்தது. பிறகு முப்பத்தைந்து.

பீக்கரை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் ரப்பரை எடுத்து அவர் வரைந்ததைத் தேய்த்தேன். நான் வைத்த முப்பத்தேழுகள் அழிந்தன. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.