பேப்பர்வெயிட்

“போன தடவ மாதிரி ‘பரவால்ல சார்’னு சிரிச்சு வைக்காதீங்க. வலிச்சா வலிக்குன்னு சொல்லுங்க,” என்று பியூலா வழியெல்லாம் கணவனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஜெபராஜின் நசுங்கிய காலுக்கு உதவித்தொகை கிடையாது என்று எழுதிவிட்டார்கள். இது மேல்முறையீடு.

பரிசோதனை அறையில் மருத்துவர் மேல்முறையீட்டுக் கோப்பைத் தன் பக்கம் இழுத்தபோது கண்ணாடி பேப்பர்வெயிட் மேசை விளிம்பைத் தாண்டி உருண்டது. மறுகணம் ஜெபராஜ் நாற்காலியில் இல்லை. தரையில் நீண்டு கிடந்தான். பேப்பர்வெயிட் அவனது இடது உள்ளங்கையில் இருந்தது. துறைமுக மைதானத்தில், ஸ்டம்புக்குப் பின்னால், அவள் அவனை முதன்முதலாகப் பார்த்த மாலையிலும் இப்படித்தான் விழுந்து பிடித்தான். பியூலா தன்னை மறந்து கைதட்டிவிட்டாள்.

மருத்துவர் பேனாவைத் திறந்தார். “எழுந்திருங்க.”

எவ்வளவு ஊன்றியும் கால் நிற்கவில்லை. தரையில் கிடந்தபடியே ஜெபராஜ் சிரித்தான்.

“பரவால்ல சார்.”