பக்கத்து அறைக்குள் வழிந்த பெயர்

ராஜபாளையத்து நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் மத்தியான வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. அதில் பஞ்சுத் துகள்கள் கீழே இறங்க மனமில்லாமல் மிதக்கின்றன. பச்சை எழுத்துகள் மினுங்கும் திரைக்கு முன்னால் சேது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். மில் வேலையாட்களின் பேர்ப் பட்டியலும் கார்டும் போடுகிற புரோகிராம் அவன் எழுதியதுதான். மெமரியில் ஆளுக்கொரு அறை, வரிசை வீடுகள் மாதிரி ஒட்டி ஒட்டி. தன் சின்னப் பேரை மனசில் வைத்து அறைகளைக் குறுக்கிக் கட்டிவிட்டான். இங்கே வேலை பார்க்கும் ஹபீபுன்னிசாவோ வாப்பா பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவாள். ‘சாகுல் ஹமீது ஹபீபுன்னிசா’ என்று அடித்ததும் இடம் கொள்ளாமல் கடைசி ‘நிசா’ அடுத்த அறைக்குள் வழிந்து, அங்கிருந்த பிச்சையம்மாளை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மிஷின் முனகக்கூட இல்லை.

வாசலில் பிச்சையம்மாள் நிற்கிறாள், ‘நிசா’ என்று அச்சான கார்டோடு.

“எம்புட்டு நாளா இப்படி இருக்கு?”

“தீவாளிக்கு முந்தியே சார். கேட்டுல நிசான்னு கூப்பிடுவாக, நானும் வாரேன்னு உள்ள போயிருவேன். கேக்க நல்லாத்தான் இருக்கு.”

அப்படியானால் இத்தனை மாசமாகப் பிச்சையம்மாள் என்று ஒருத்தி இங்கே வேலை பார்க்கவே இல்லை. சேது கீபோர்டைப் பக்கத்தில் இழுக்கிறான். அறைகளை அகலமாக்குகிறான். எழுத்தை எண்ணிப் பார்க்காமல் எந்தப் பேரையும் உள்ளே விடாதபடி வாசலில் ஒரு காவலும் போடுகிறான். பிரிண்டர் கரகரவென்று புதுப் பட்டியலைத் தள்ளுகிறது.

சங்கு ஊதுகிறது. ஜன்னலுக்கு வெளியே, கேட்டில் வாட்ச்மேன் புதுப் பட்டியலைப் படிக்கிறார்: “பிச்சையம்மாள்!”

வரிசையில் முதலாவதாக, ‘நிசா’ கார்டோடு நிற்கிறவள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பின்னால் பார்க்கிறாள்.