சோத்துக் கை

'இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?' கிளாடிஸ் பிய்த்த பொரிச்ச பரோட்டாவை இலையிலேயே போட்டாள்.

எதிரே இருந்தவன் பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் மகளோ, கிளாடிஸின் பக்கத்தில், வாழையிலையில் மூன்று இடியாப்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் வந்த, ஆறிப்போன இடியாப்பம். தொட்டுக்கொள்ளச் சர்க்கரை.

எட்டு வயது இருக்கும். கொடிபோல் மெலிந்த பிள்ளை. மாஸ்டர் கல்லருகே பரோட்டாவை அடுக்கிக் கையால் அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதன் தலை ஒருமுறை திரும்பியது.

மாதா கோயில் நவநாள் ஜெபம் முடிந்து வரும் வழியில் கிளாடிஸ் இந்தக் கடையில் நுழைந்திருந்தாள். புருஷன் போனபிறகு, ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை. கடை நிறையக் கூட்டம். வாசலோரம் இந்த மேசையில்தான் இடம் இருந்தது.

"உன் பேரு என்னளா?"

"ஜெப்ஸி."

"பரோட்டா பிடிக்காதா?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தது.

"அவளுக்குக் கோதுமை, மைதா எதுவும் ஆகாதுக்கா. குடல் புண்ணாயிரும். டாக்டர் சொல்லியிருக்காரு."

"மைதா யாருக்குத்தான் ஆகும்? எல்லாரும் திங்கத்தான செய்யுதோம்."

"இது வேறக்கா. ஒரு துணுக்குகூட உள்ள போகக் கூடாது. ஹோட்டல்ல இலை போட்டு உக்காந்து சாப்பிடணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தா. அதான் வீட்டுல செஞ்சு கொண்டாந்தேன்."

"அப்ப நீ மட்டும் பரோட்டா திங்கலாமாக்கும்?"

"ஒண்ணும் வாங்காம இருந்தா எழுப்பி விட்டுருவாங்கல்லா."

"நல்லா இருக்குப்பா உன் நியாயம். பிள்ளைக்கு ஆறுன இடியாப்பம், அப்பனுக்குப் பொரிச்ச பரோட்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலப் பிள்ளையை விட்டு மேசையின் அந்தக் கோடியில் ஒதுங்கி உட்கார்ந்து, மிச்சத்தை அவசர அவசரமாக விழுங்கினான்.

"மெதுவாத் தின்னுங்கப்பா," என்றது பிள்ளை. "மொறுமொறுன்னு இருக்கா?"

"இருக்கு."

"ரொம்பவா?"

"ரொம்ப எல்லாம் இல்ல மக்கா. எண்ணெயா இருக்கு."

கிளாடிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவனுக்கு இப்படியும் ஒரு மனசா?

அவன் எழுந்து கை கழுவ உள்ளே போனான். அவ்வளவுதான். தன் இலையிலிருந்து நல்ல மொறுமொறுப்பான துண்டாக ஒன்றைப் பிய்த்துப் பிள்ளையிடம் நீட்டினாள்.

"இந்தாளா. அப்பன் வாரதுக்குள்ள வாயில போட்டுக்கிடு."

ஜெப்ஸி அந்தத் துண்டைப் பார்த்தது. பிறகு கிளாடிஸின் முகத்தைப் பார்த்தது. மெல்ல இடது கையை நீட்டியது.

"ஏளா, தீனிய யாராச்சும் பீச்சாங்கையால வாங்குவாவளா? சோத்துக் கைய நீட்டு."

பிள்ளை வலது கையை இலையோடு இன்னும் ஒட்டி வைத்துக்கொண்டது. இடது கை நீட்டியபடியே இருந்தது.

"இதக்கூடச் சொல்லித் தரலியா உங்கப்பன்? வளத்திருக்கான் பாரு லட்சணமா!"

பிள்ளையின் முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும் சிரித்தது.

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

துண்டை வாங்கிய கை மேசைக்கு அடியில் போயிற்று. கூச்சப்படாமல் தின்னட்டும் என்று கிளாடிஸ் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது பிள்ளையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நவநாளில் கிடைக்காத நிறைவு ஒன்று அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது; பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் வந்து பிள்ளையைக் கூட்டிப்போன பிறகு, அவள் சாப்பிட்டு முடித்துக் கடையை விட்டு இறங்கும்போது துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று அடித்தது. ஆட்டோவுக்காகத் தூணோரம் நின்றாள்.

தூணுக்கு அந்தப் பக்கம், நிறுத்தியிருந்த பைக்கின் அருகே அவர்கள் இருவரும் நின்றார்கள். அவளைக் கவனிக்கவில்லை. அவன் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான். பிள்ளை கவுன் பையை வெளியே இழுத்து உதறியது.

பரோட்டாத் துண்டு விழுந்தது. கூடவே பாதி பிஸ்கட். நசுங்கிய கேக் துணுக்கு ஒன்று.

தெருநாய் ஓடி வந்தது.

"பிஸ்கட் யாரு குடுத்தா?"

"டியூஷன் அக்கா. கேக்கு கீழ்வீட்டு ஆன்ட்டி."

"வேண்டாம்னு சொல்லணும்னு அப்பா சொல்லியிருக்கேம்லா?"

"சொன்னா உங்களத்தான் ஏசுதாங்க. அப்பன் பிள்ளையப் பட்டினி போடுதான்ங்காங்க. வாங்கிக்கிட்டா சிரிக்காங்க. இந்த ஆன்ட்டியும் சிரிச்சாங்க."

அவன் பிள்ளையின் இடது கையை இழுத்துச் சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்தான். நகக்கண்ணைத் தேய்த்தான். ஒருமுறை தண்ணீர் ஊற்றி, மறுபடியும் சோப்புப் போட்டான்.

கிளாடிஸின் விரல்களில், கழுவிய பிறகும், பரோட்டா எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

"சோத்துக் கையில படலல்லா?"

"படல. அதுக்குத்தாம்ப்பா இடது கைய நீட்டினேன்."

பிள்ளை கழுவிய கையைக் காற்றில் உதறியது.

"அதுக்கும் உங்களத்தான் ஏசிட்டாங்க."