வளையத்தில் நுழையாத ஆப்பிள்

மெருயெர்ட் ஆப்பிளின் மேல் அளவு வளையத்தை வைத்தாள். நுழையவில்லை.

அடுத்ததும் நுழையவில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய பழங்களாகப் பார்த்து மேலே அடுக்கியிருந்தார் தோட்டக்காரர் பெர்திபெக். வருகிறவர்களுக்கு நல்லதைத்தானே முதலில் நீட்ட வேண்டும். இரண்டு கைகளும் நிறைகிற அபோர்ட் ரகப் பழங்கள்.

சூப்பர் மார்க்கெட் கொடுத்தனுப்பிய, பழம் அடுக்கும் அட்டையின் குழிகளோ சின்னவை.

"இவ்ளோ பெருசு கடைக்கு ஆகாது. ஏத்தி விட்டா கிடங்குலேர்ந்து திருப்பி அனுப்பிருவாங்க. போக வர வாடகையும் உங்க தலையிலதான் விழும்," என்றாள். தரம் பார்ப்பது அவள் வேலை. அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

இந்த லாரி நிறைந்தால்தான் குளிர்காலத்தைத் தாண்ட முடியும்.

"சரிங்க மேடம்," என்றார் பெர்திபெக். பெட்டிகளை அவரே இறக்கினார்.

அவர் மனைவி குல்யாஷ் லாரி டிரைவருக்குப் பால் தேநீர் ஊற்றினாள், கோப்பையின் விளிம்பு வரை. குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இருக்க வேண்டியவர்களுக்கு ஒரு வாய்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றலாம் என்று.

டிரைவர் வேலைக்குப் புதியவன். நிறைந்த கோப்பையைப் பார்த்துச் சிரித்தான். மெருயெர்ட்டைக் கண்ணால் காட்டி, "கல்லு மனசும்மா இந்தப் பொண்ணுக்கு. வாய்க்கப் போற மாமியார் பாவம்," என்றான்.

"பாவம்தான்," என்றாள் குல்யாஷ், சமோவாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லாரி பாதி காலியாகவே புறப்பட்டது. டவுனில் இறக்கிவிடவா என்று கேட்டவனிடம், வேண்டாம் என்று தலையசைத்தாள் மெருயெர்ட்.

வளைவில் தூசி அடங்கும்வரை மூவரும் அங்கேயே நின்றார்கள்.

பிறகு அவள் கடைப் பெயர் போட்ட தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தாள். தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் செய்வதுபோல, மாமனாருக்கும் மாமியாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள்.

தேநீர் ஊற்றக் கெண்டியை நோக்கிக் கை நீட்டினாள். அந்த வீட்டில் அது மருமகளின் வேலை.

குல்யாஷ் அதற்குமுன் கெண்டியை எடுத்துவிட்டாள்.

மெருயெர்ட் வெறும் கோப்பையை நீட்டினாள். இறக்கிவைத்த பெட்டியிலிருந்து பெரிய பழமாக ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, பெர்திபெக் கத்தியைத் தேடினார்.

கெண்டி சரிந்து, உடனே நிமிர்ந்தது.

கோப்பையின் அடியில் ஒரு வாய்த் தேநீர்தான் இருந்தது.