206, இரத்தினேஸ்வரி

இரவு வேலை முடிந்து நேரே நிலாவெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்று நான் கட்சி முகவர். அலுவலர் வாக்காளரின் இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார். நாங்கள் எங்கள் பட்டியலில் வெட்டுவோம். ஆள்மாறாட்டத்தைப் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.

எட்டு மணிக்கு 206, இரத்தினேஸ்வரி வந்தா. வாக்களித்தா. இடது சின்னவிரலில் பூசிய மையை ஊதினா.

"வெள்ளிக்கிழமை கலியாண வீடு. அதுக்குள்ள அழியுமோ தம்பி?"

எல்லாரும் சிரித்தோம்.

பதினொரு மணிக்கு அவவே திரும்ப வந்தா. அதே அடையாள அட்டை. விரலில் மை இல்லை.

"உங்கட பெயர் வெட்டியாச்சு அம்மா," என்றார் தலைமை அலுவலர் கதிரவேல்.

"நான் இப்பதானே வாறன்! வந்தவ என்னைப்போலவோ?"

"ஓம்."

"ஆருக்குப் போட்டவ?"

"அது ரகசியம். சொல்ல ஏலாது."

சட்டப்படி கையெழுத்து வாங்கி, வேறொரு வாக்குச்சீட்டைக் கொடுத்தார். அவ புள்ளடி போட்டதும் அதைத் தனி உறையில் வைத்து ஒட்டினார். பெட்டிக்குள் போடவில்லை.

"என்ர வோட்டை எண்ணுவினமோ?"

"வழக்கு வந்து, கோர்ட் கேட்டால்தான்."

"அப்ப பெட்டிக்குள்ள போட்டவதான் இரத்தினேஸ்வரி. நான் வெறும் உறை."

மை பூசினார்கள். ஊதினா.

"வெள்ளிக்கிழமை கலியாண வீடு. அதுக்குள்ள அழியுமோ தம்பி?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கதிரவேல் கதவைச் சாத்தப் போனார். வாசலில் இரத்தினேஸ்வரி நின்றா. விரலில் மை இல்லை. அவர் மேசைக்கு வந்து இன்னொரு உறையை எடுத்தார்.

அவ அதைப் பார்த்தா.

"எனக்கு முதல் எத்தனை பேர் வந்தவை, தம்பி?"